ஊசியைக் கீழே வைக்கச் சொன்ன குரல்

அன்பியத்துச் சகோதர சகோதரிகளே, இரக்கமுள்ள ஆண்டவர் எனக்குச் செய்ததை உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஏழாம் வகுப்பு ஜெனிபர் என் மேசைமேல் சரிந்து கிடந்தாள். சீருடை வியர்வையில் நனைந்திருந்தது. உடம்பு நடுங்கியது. என் கையில் அவளுடைய இன்சுலின் ஊசி. அதை எங்கே குத்துவது என்று தேடிக்கொண்டிருந்தேன். குத்தியிருந்தால் அந்தப் பிள்ளை இன்று இல்லை.

நான் இராயபுரத்தில் ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியை. அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். அம்மா இறால் உரிப்பார். இருவரும் கைநாட்டு. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். பி.எட். முடித்து வேலைக்குக் கிளம்பிய முதல் நாள், எங்கள் தெருவில் ஷேர் ஆட்டோக்காரர் வண்டியை ஓரங்கட்டி, "டீச்சரம்மா போவட்டும்" என்று வழிவிட்டார். அந்தப் பெருமை எனக்கு இன்னமும் உண்டு. ஆனால் அது என் காதை அடைத்துவிட்டதை நான் அறியவில்லை.

ஜூன் மாதம் பள்ளி திறந்த வாரத்தில் ஜெனிபரின் அம்மா லூர்து மேரி என்னைப் பார்க்க வந்தார். காசிமேட்டில் மீன் விற்பவர்.

"மிஸ், பாப்பாவுக்கு ஆறு வயசுலேர்ந்து சுகரு. ஊசி போட்டுக்கும். பையில எப்பவும் குளுக்கோஸும் முட்டாயும் கீது. யாரும் புடுங்கிடக் கூடாது, இன்னா?"

"சரிங்கம்மா" என்று சிரித்தேன். சர்க்கரை நோய் உள்ள பிள்ளைக்கு மிட்டாயா, படிக்காதவர் பாவம் என்று மனத்துக்குள் நினைத்துக்கொண்டேன். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

தவக்காலம் வந்தது. வகுப்பில் ஓர் அட்டைப் பெட்டி வைத்தேன். பிள்ளைகள் தின்பண்டத்தைத் தியாகம் செய்து அதில் போட வேண்டும், பாஸ்காத் திருநாளன்று அநாதை இல்லத்துக்குக் கொடுப்போம் என்றேன். வெள்ளிக்கிழமை காலைச் சாப்பாட்டை விட்டு ஒருசந்தி இருப்பவர்களுக்குக் கைதட்டலும் உண்டு.

ஒரு வியாழக்கிழமை ஜெனிபர் தன் குளுக்கோஸ் பொட்டலத்தையும் நான்கு மிட்டாய்களையும் கொண்டுவந்து போட்டாள். "என்கிட்ட இதான் மிஸ் கீது."

"பாருங்க, ஜெனிபர்தான் பெரிய தியாகம் பண்ணிருக்கா. அவ உடம்புக்கும் அதுதான் நல்லது" என்றேன். வகுப்பே கைதட்டியது. எதிலும் தனியாகவே நிற்கப் பழகிய பிள்ளை. அன்று அவள் முகம் அப்படி மலர்ந்தது.

மறுநாள், தவக்காலத்தின் மூன்றாம் வெள்ளி. அவள் அம்மா விடியும் முன்பே மீன் ஏலத்துக்குப் போய்விட்டார். ஜெனிபர் வழக்கம்போல் ஊசி போட்டுக்கொண்டு, இட்லியைத் தொடாமல் பள்ளிக்கு வந்துவிட்டாள். மூன்றாம் பாட வேளையில் நோட்டில் கிறுக்கிக்கொண்டிருந்தாள். "தூங்குறியா?" என்று அதட்டினேன். "போ மிஸ்" என்றாள். வகுப்பு சிரித்தது. எனக்குக் கோபம். முன்னால் வந்து நிற்கச் சொன்னேன். நான்கு அடி நடந்து வந்து என் மேசைமேல் சரிந்தாள்.

பக்கத்து வகுப்பு அருள் சார் ஓடிவந்தார். 108க்கு அழைத்தார். சாலையெல்லாம் கன்டெய்னர் லாரிகள், வண்டி வர நேரமாகும் என்றார்கள். அவள் அம்மாவுக்கு மூன்று முறை போன் செய்தேன். எடுக்கவில்லை.

"சுகர் ஏறிடுச்சு டீச்சர். பையில ஊசி இருக்கும், போட்டுடுங்க. நீங்கதானே சயின்ஸ் மிஸ்!" என்றார் அருள் சார்.

ஊசியை எடுத்துவிட்டேன். என் வாழ்நாளில் யாரிடமும் சொல்லாத வார்த்தையை அப்போது சொன்னேன். "ஆண்டவரே, எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவர் யாரையாவது அனுப்பும்."

போன் அடித்தது. லூர்து மேரி.

"இன்னா மிஸ், மூணு தபா போன் பண்ணிகீறே? பாப்பாவுக்கு இன்னா?"

வியர்வை, நடுக்கம், ஊசி போடப் போகிறேன் என்றேன்.

"அடிப்பாவி! ஊசியக் கீழ வை! கீழ வைடி மொதல்ல!"

வைத்துவிட்டேன்.

"காலைல துன்னாளா?"

"இல்லம்மா. ஒருசந்தி."

"ஊசி போட்டுகினு துன்னாம வந்துகீது. சக்கர ஏறல, எறங்கிப் போச்சு. முழுங்குறாளான்னு பாரு. முழுங்கினா குளுக்கோஸக் கலக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக் குடு. முழுங்கலன்னா வாய்ல ஒண்ணும் ஊத்தாத, ஒருக்களிச்சுப் படுக்க வை. பையில கீது பாரு."

பையில் இல்லை. பெட்டியில் இருந்தது. நான் கைதட்டி வாங்கிப் போட்டது.

அருள் சார் என் கையைத் தடுத்தார். "சுகர் புள்ளைக்குக் குளுக்கோஸா? அந்தம்மாவுக்கு என்ன டீச்சர் தெரியும்? பழி நம்ம மேல விழும்."

தெரிந்தவரை அனுப்பும் என்று கேட்டேன். அனுப்பிவிட்டார். மீன் கூடையோடு வந்த ஆள் என்பதற்காகத் திருப்பி அனுப்ப முடியுமா? ஜெனிபரை நிமிர்த்திச் சாய்த்துக்கொண்டேன். ஒரு மடக்குத் தண்ணீர் கொடுத்தேன். விழுங்கினாள். குளுக்கோஸைக் கரைத்துச் சிறிது சிறிதாகக் கொடுத்தேன். ஒவ்வொரு மடக்குக்கும் ஓர் அருள் நிறை மரியே செபம் சொன்னேன். கால் மணி நேரம் ஆகியிருக்கும். நடுக்கம் நின்றது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

"ஏன் மிஸ் அழுவுற?"

ஆம்புலன்ஸ் தம்பி வந்து விரலில் குத்திப் பார்த்தார். சர்க்கரை இன்னும் குறைவுதான், ஆனால் ஏறுகிறது என்றார். இன்சுலின் போட்டிருந்தால் பிள்ளையை இழந்திருப்போம் என்றும் சொன்னார். அருள் சார் அந்த ஊசியை எடுத்துப் பையின் அடியில் வைத்து மூடினார்.

மருத்துவமனைக்கு லூர்து மேரி மீன் செதிலோடு ஓடிவந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். பெட்டியை, கைதட்டலை, ஜூன் மாதம் நான் நினைத்ததைக்கூட.

"காதுல பஞ்சா வெச்சிகினு இருந்தே, டீச்சர்?" என்று கேட்டார். பிறகு, "ஒரு கஸ்டமரு சங்கரா மீனுக்கு அடிமாட்டு வெல கேட்டுட்டுக் கோச்சிகினு போய்ட்டான். சும்மா குந்திகினு கீறமேன்னு போன எடுத்துப் பாத்தேன். இல்லன்னா மத்தியானம்தான் பாத்திருப்பேன்."

அந்த வாடிக்கையாளரைக் கோபித்துக்கொண்டு போகச் செய்தவர் யாரென்று எனக்குத் தெரியும்.

பிறகு என்னை ஏறிட்டுப் பார்த்தார். "நீ துன்னியா?"

இல்லை என்றேன். ஒரு பன்னை என் கையில் திணித்தார். "மொதல்ல இத்தத் துன்னு. நீயும் வுயுந்து வெச்சா நான் எத்தினி பேரத் தூக்குவேன்?"

பங்குத் தந்தையிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். பிள்ளைகளுக்கு ஒருசந்தி கடமையே இல்லையே அம்மா என்றார். அதுவும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. இப்போது ஒவ்வொரு ஜூன் மாதமும் நோயுள்ள பிள்ளைகளின் பெற்றோரை என் நாற்காலியில் உட்கார வைத்து, நான் நின்றுகொண்டு குறித்துக்கொள்கிறேன். ஏன், ஏன் என்று கேட்கிறேன். இந்த வருடம் ஒரு பையனுக்கு இறால் ஒரு துண்டு பட்டாலே மூச்சு அடைக்கும் என்று தெரிந்துகொண்டோம். என்ன செய்ய வேண்டும் என்பதை அருள் சாரும் மனப்பாடமாகச் சொல்வார்.

ஜெனிபர் இப்போது பத்தாம் வகுப்பு. வருகிற ஞாயிறு மாலை அவளுக்காக நன்றித் திருப்பலி ஒப்புக்கொடுக்கிறோம். என் மன்றாட்டைக் கேட்டவர் உங்களுடையதையும் கேட்பார். உங்கள் பாரத்தைச் சுமந்துகொண்டு வாருங்கள். பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள், வயிறாரச் சாப்பிட வைத்து.