ரூஜேனாவின் எண்ணெய்க் குப்பி

தையல் ஆலையில் முப்பது வருடம் இயந்திரம் பழுதுபார்த்த ரூஜேனாவுக்கு ஒரே வைத்தியம்தான் தெரியும்: எதற்கும் இரண்டு சொட்டு எண்ணெய். ஓய்வுபெற்றபின் கைத்துப்பாக்கிப் போட்டியில் சேர்ந்தவள், தோட்டா அடுக்கும் மேகஸின்களுக்குள்ளும் அதையே விட்டாள்.

போட்டி ஒலமோட்ஸ் நகரத்துப் பக்கம் ஒரு பழைய கல்குவாரியில் நடந்தது. ஓடிக்கொண்டே சுடுகிறவர்கள் காலி மேகஸினை மணலில் உதறிவிட்டு அடுத்ததைச் செருகுவார்கள். அப்படி விழுந்த தன் மேகஸினை ரூஜேனா எடுத்து நிரப்பி மறுசுற்றில் செருகினாள். மூன்றாவது குண்டிலேயே துப்பாக்கி மக்கர் பண்ணியது. உள்ளே எண்ணெயும் மணலும் குழைந்து ஸ்பிரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தன.

அவள் அணிக்காரன் போர்ஷெக் விழுந்து விழுந்து சிரித்தான். "என்னக்கா, அதுக்குள்ள உருளைக்கிழங்கு அடை சுடப் போறியா? மேகஸினுக்கு யாராச்சும் எண்ணெய் விடுவாங்களா?"

"வாயை மூடுடா, பட்டன் தைக்கத் தெரியாத பயலே!" என்று சீறினாள். அவன் சொன்னது சரி என்பதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

வீட்டுக்குப் போனதும் ஐந்து மேகஸின்களையும் கழற்றி, ஸ்பிரிங்கை உருவி, எண்ணெயை ஒட்டத் துடைத்தாள். அடுத்த போட்டிக்குத் தையல் இயந்திரத்தின் நீள பிரஷ்ஷும் கூடவே வந்தது. சுற்றுக்குச் சுற்று மேகஸின்களை ஒரு மேசையில் வைத்துப் பிரித்து, மணலைத் தட்டி, பூட்டினாள். ஒன்றுக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஒரு குண்டும் சிக்கவில்லை. பார்த்தவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் மேகஸின்களோடு அவள் மேசைக்கு வந்தார்கள்.

கடைசிச் சுற்றுக்கு முன் போர்ஷெக்கும் வந்தான், கையில் சுட்ட சாசேஜ் தட்டோடு. "அக்கா, என்னோடதும் சிக்குது. கொஞ்சம் பாரேன்."

ரூஜேனா சாசேஜை வாங்கி வைத்துக்கொண்டாள்.

"வரிசையில நில்லுடா."