இடது தோள்

என் அக்காவின் பள்ளிக்கூடம் ஒரு பன்பாய் அகலம்தான். திருகோணமலையில் எங்கள் வீட்டிலிருந்து மூன்று வேலி தள்ளி ஒரு பெண்கள் பள்ளிக்கூடம் இருந்தது. அங்கே சின்னப்பிள்ளைகளின் வகுப்பில், கரும்பலகைக்குப் பின்னால், சுவரோரமாக அந்தப் பாய் கிடந்தது. அவளுக்குப் பதினான்கு வயது, எனக்குப் பன்னிரண்டு. நான் ஏழாம் வகுப்பு வாங்குப் பலகையில் இருந்து சரித்திரம் படித்தேன். அவள் பாயில் இருந்து ‘ட’ எழுதினாள்.

‘மந்தம்’ என்று ஊரில் சொல்வார்கள். அந்தச் சொல்லைக் கேட்டால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவளுக்குள் ஒரு நேரத்தில் ஒன்றுதான் போகும், போனது பிறகு வெளியே வராது. அவ்வளவுதான் விஷயம். காலையில் பாடமாக்கிய ஒல்லாந்தர் காலத்து ஆண்டுகளை நான் பின்னேரத்துக்குள் மறந்துவிடுவேன். என்னை ஒருவரும் மந்தம் என்று சொன்னதில்லை.

அவளுக்கென்று தனியாக ஒரு படிப்பை உண்டாக்கியவர், யாழ்ப்பாணத்திலிருந்து படிப்பிக்க வந்திருந்த ஓர் இளம் ரீச்சர். அரிச்சுவடி வரிசையை அவர் தூக்கி ஒரு பக்கம் வைத்துவிட்டார். எளிதான எழுத்துகளாகப் பொறுக்கி, முதலில் ட, பிறகு ப, பிறகு ம என்று ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை மாதம் கொடுத்தார். சிலேட்டும் கிடையாது. ஒரு பழைய தட்டில் கடல்மணலைப் பரப்பி, அதில் விரலால் எழுத வைத்தார். மூன்று எழுத்தும் வந்த பிறகு ஒருநாள் அவற்றைச் சேர்த்து எழுதி, கடைசி எழுத்தின் தலையில் ஒரு புள்ளியும் குத்தி, வாசி என்றார். அக்கா ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுப் ‘படம்’ என்று வாசித்தாள். வீட்டுக்கு வந்து அடுப்புச் சாம்பலிலும் அதையே எழுதினாள்.

அம்மா மறுநாளே பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார்.

“அம்மா எண்டு எப்ப எழுதுவாள் ரீச்சர்?”

“அதுக்கு ‘அ’ வேணும். அது கொஞ்சம் கஷ்டமான எழுத்து. இருந்தாலும் அடுத்த வருசத்துக்குள்ள எழுதிப்போடுவா.”

அடுத்த வருசம் என்ற அந்த இரண்டு சொல்லை அம்மா கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். கோயிலில் என்ன கும்பிடுகிறீர்கள் என்று கேட்டால் சொல்ல மாட்டார். எனக்குத் தெரியும்.

ஆனால் அக்காவுக்கு ஒரு குணம் இருந்தது. கதவு திறந்திருந்தால் எழும்பிப் போய்விடுவாள், கடலைப் பார்க்க. முன்பென்றால் பரவாயில்லை. யுத்தம் வந்த பிறகு பள்ளிக்கூடத்து வாசலால் நேவி லொறிகள் நாள் முழுக்க ஓடின. இரண்டு தடவை ஒரு லொறி அவளுக்காகக் கிறீச்சிட்டு நின்றது. எங்கள் தலைமை ஆசிரியையைப் பெரிய ரீச்சர் என்போம். அவர் என்னைக் கூப்பிட்டார்.

“இன்னொருக்கா கேற்றுக்கு வெளியில போனா, நான் அவவை வைச்சிருக்க ஏலாது. விளங்குதோ பிள்ளை?”

மணல்தட்டு தந்த யாழ்ப்பாணத்து ரீச்சர் எங்களுக்குச் சின்ன ரீச்சர். அவர் எனக்குச் சொன்னது ஒன்றுதான். “ஒண்டே ஒண்டைச் சொல்லிக்குடு. ஒவ்வொரு நாளும் அதையே, அதே மாதிரிச் சொல்லு.” அந்த ஒன்று என்ன என்பதைக் கண்டுபிடித்தவள் நான். மணி அடித்தால் பாயில் இரு. நான் வந்து உன் இடது தோளைத் தொடும்வரை எழும்பாதே. இதுதான் அவளுக்கு நான் வகுத்த சட்டம். இடைவேளைக்கும் மத்தியானத்துக்கும் பள்ளிக்கூடம் விடும்போதும் நான் போய்த் தொடுவேன்.

அது அவளுக்குள் போக ஐந்து மாதம் பிடித்தது. முதலில் நான் முதுகைத் திருப்பியதுமே எழும்பினாள். ஒருநாள் கோபம் தலைக்கேறிக் கிள்ளிவிட்டேன். அவள் அழவில்லை, கிள்ளிய இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்குப் பிறகு நான் கிள்ளவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக அவள் இருக்கப் பழகினாள். கடைசியில் பெரிய ரீச்சரே வந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டும் மேசையில் தட்டியும் பார்த்தார். அக்கா அசையவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தொட்டேன், எழும்பினாள். “நீ ரீச்சராக வர வேண்டிய பிள்ளை” என்றார் பெரிய ரீச்சர். அன்றைக்கு என் கால் நிலத்தில் பாவவில்லை.

சிங்கப்பூர் விழுந்த செய்தி வந்த கிழமை, சின்ன ரீச்சரை அவருடைய தகப்பனார் வந்து ஊருக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். போகும்போது மணல்தட்டை என் கையில் தந்து, “‘அ’வை அவசரப்படுத்தாதை” என்றார். நான் இடைவேளைகளில் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினேன். அக்கா முதல் சுழியைப் பிடித்துவிட்டாள். மிச்சம் வர இன்னும் காலம் வேண்டியிருந்தது.

அதற்குள் பள்ளிக்கூட வளவில் பதுங்குகுழிகள் வெட்டிவிட்டார்கள். பயிற்சி நாட்களில் பெரிய ரீச்சர் விசில் ஊதுவார். நான் ஓடிப்போய் அக்காவைத் தொட்டு, கையைப் பிடித்துக் குழிக்குக் கூட்டிக்கொண்டு வருவேன். ஒரு குறையும் இருக்கவில்லை.

பங்குனியில் ஒருநாள் துறைமுகத்து அபாயச் சங்கு உண்மையாகவே ஊதியது. தலைக்கு மேலே விமானச் சத்தம். எங்கள் வகுப்பு ரீச்சர் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து குழிக்குள் தள்ளினார்.

“அக்கா உள்ளுக்க இருக்கிறா ரீச்சர்!”

“குனி! தலையைக் குனி! ஆரும் கூட்டிக்கொண்டு வருவினம்.”

நான் கையை ஒரு தடவை உதறி இழுத்தேன். பிடி விடவில்லை. இரண்டாம் தடவை நான் இழுக்கவில்லை. எனக்கும் பயமாக இருந்தது. அம்மா இருக்கும்வரை இதை நான் அவரிடம் சொல்லவில்லை.

அன்றைக்குக் குண்டு ஒன்றும் விழவில்லை. வந்தவை நம்முடைய விமானங்களாம். அபாயம் நீங்கிய சங்கு ஊதியதும் ஓடினேன். அக்கா பாயில் கையைக் கட்டிக்கொண்டு இருந்தாள். அவளுக்குப் பக்கத்தில், வெறும் நிலத்தில், வெள்ளைச் சேலையெல்லாம் அழுக்காகப் பெரிய ரீச்சர் இருந்தார். தேடி வந்தவர், தூக்கியும் இழுத்தும் பார்த்து ஏலாமல், அவளை விட்டுப் போகவும் மனமில்லாமல், கூடவே இருந்துவிட்டார். நான் இடது தோளைத் தொட்டேன். அக்கா எழும்பினாள்.

பெரிய ரீச்சர் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நான் திருப்பிக் கதைத்திருப்பேன்.

“எனக்கு வயசு போட்டுது, பரவாயில்லை. நாளைக்கு ஒரு இளம் ரீச்சர் இவவுக்காகத் திரும்பி வந்து, அந்த நேரம் குண்டும் விழுந்தா, அந்தப் பிள்ளையின்ர தாய்க்கு நான் என்ன சொல்லுறது? வாற திங்கக்கிழமை துறைமுகத்தில சங்கைச் சோதிச்சுப் பாப்பினம். அண்டைக்கு அவ தனிய எழும்பிக் குழிக்கு வந்திட்டா, வைச்சிருக்கிறன்.”

ஐந்து மாதப் பாடத்தை ஒரு கிழமைக்குள் அழிக்க வேண்டும். அதற்கு எனக்கு ஒரு சங்கு வேண்டியிருந்தது. சங்குக்கு எங்கே போவது? வாயாலேயே ஊதினேன். எங்கள் முற்றத்தில் நின்று ஊளையிட்டு, அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு வேலியோரத் தென்னைவரை ஓடினேன். தென்னைதான் எங்களுக்குக் குழி. “யப்பான்காரன் வாறான், எல்லாரும் ஓடுங்கோ” என்று அடுத்த வளவில் இருந்து சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் என் தொண்டை கட்டிவிட்டது. அம்மா கொத்தமல்லி அவித்துத் தந்தார், குடித்துவிட்டுத் திரும்ப ஊளையிட்டேன். ஐந்தாம் நாள், நான் ஊதியதும் அக்கா தானாக ஓடிப்போய்த் தென்னையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அம்மா அன்றைக்குப் பாயாசம் காய்ச்சினார்.

திங்கட்கிழமை பெரிய ரீச்சர் என்னைக் குழியடியில் நிறுத்தினார். அங்கிருந்து பார்த்தால், அகலத் திறந்து வைத்த கதவுக்குள்ளே அக்கா தெரிந்தாள். சோதனைக்காகக் கரும்பலகையையும் ஓரமாகத் தள்ளி வைத்திருந்தார்கள். கிட்டப் போகக் கூடாது என்று எனக்குக் கட்டளை.

சங்கு ஊதியது. சின்னப்பிள்ளைகள் எல்லோரும் ஓடி வந்தார்கள். அக்கா முதுகை நிமிர்த்தி, கையைக் கட்டிக்கொண்டாள். அப்போதுதான் நான் செய்த பிழை எனக்கு விளங்கியது. ஒரு கிழமையாக முற்றத்தில் ஓடப் பழக்கினேனே தவிர, ஒருநாளாவது அவளைப் பாயில் இருத்தி வைத்துப் பழக்கவில்லை. இந்தச் சத்தத்துக்கு ஓட வேண்டும் என்று அவளுக்கு ஆர் சொன்னது? அவள் ஓடப் பழகியது என் ஊளைக்கு.

ஊளையிட்டேன். முழுப் பள்ளிக்கூடமும் பார்த்துக்கொண்டிருக்க, வெட்கத்தை விட்டு, தொண்டை கிழிய ஊளையிட்டேன். துறைமுகத்துச் சங்கு அதற்கு மேலே ஊதிக்கொண்டிருந்தது. என் சத்தம் என் காதுக்கே கேட்கவில்லை. பிள்ளைகள் சிரித்தார்கள். அக்காவும் என்னைப் பார்த்துச் சிரித்தாள். எவ்வளவு நேரம் அசையாமல் இருக்கிறேன் பார் என்று காட்டும் சிரிப்பு அது.

சங்கு ஓய்ந்த பிறகு பெரிய ரீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆனால் சொன்ன சொல்லை மாற்றவில்லை. அப்பா டொக்யார்ட்டில் தச்சுவேலை செய்துகொண்டிருந்தார். அன்று பின்னேரம் வேலை உடுப்போடு வந்து, பாயைச் சுருட்டிச் சைக்கிளில் கட்டினார். மணல்தட்டை நான் கொண்டு போனேன். அம்மா அதை வாங்கி அலுமாரிக்கு மேலே வைத்தார். “‘அ’ பாதியில நிக்குது” என்று மட்டும் சொன்னார்.

மறுநாளே சித்திரை விடுமுறை தொடங்கியது. சோதனையிலிருந்து பத்தாம் நாள் குண்டு உண்மையாகவே விழுந்தது. துறைமுகப்பக்கம் வானம் கறுத்தது. நாங்கள் மாட்டுவண்டியில் நிலாவெளியில் இருந்த சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டோம். பள்ளிக்கூடத்தையும் மூடிவிட்டார்கள். ஒருவருக்கும் படிப்பில்லை. அந்தச் சில மாதங்கள் எனக்குள் ஒரு கேடுகெட்ட ஆறுதல் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆவணியில் நாங்கள் திரும்பி வந்தோம், பள்ளிக்கூடமும் திறந்தது. பாதி வாங்குகள் வெறுமையாகக் கிடந்தன. அம்மா போய்க் கேட்டார். “சங்கு இன்னும் ஊதிக்கொண்டுதானே இருக்குது” என்றார் பெரிய ரீச்சர். என்னை மட்டும் சேர்த்துக்கொண்டார்.

முதல்நாள் நான் திரும்பி வந்தபோது, அக்கா எங்கள் வீட்டு முன்னறையில் அதே பாயில் இருந்தாள். சோறு பக்கத்தில் காய்ந்து கிடந்தது. அம்மாவின் கண்கள் வீங்கியிருந்தன.

“அந்த மணி இஞ்ச கேக்குதடி. அது அடிச்ச உடன பாயைத் தானே எடுத்து விரிச்சுக்கொண்டு இருந்தவள். கும்பிட்டும் பாத்தன், எழும்புறாளில்லை. தோளையும் தொட்டுப் பாத்தனான்.”

நான் தொட்டேன். எழும்பினாள். அள்ளி அள்ளிச் சாப்பிட்டாள்.

அடுத்த நாள் பாயை ஒளித்து வைத்தோம். வெறும் நிலத்தில் இருந்தாளாம். நேரத்துக்கு வீட்டுக்கு ஓடி வரலாம் என்றால், பள்ளிக்கூடம் விடும்வரை கேற்றைப் பூட்டி வைத்திருந்தார்கள், பிள்ளைகளின் பாதுகாப்புக்காக. அவளுக்குள் போட்டதை வெளியே எடுக்க எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்த சின்ன ரீச்சரோ யாழ்ப்பாணத்தில் இருந்தார். கடிதம் போட்டேன். பதில் வரவில்லை.

ஒவ்வொரு காலையும் மணி அடிக்கும். எங்கள் வகுப்பில் எல்லோரும் புத்தகத்தைத் திறப்பார்கள். மூன்று வேலிக்கு அப்பால் அக்கா இப்போது கையைக் கட்டிக்கொண்டு இருப்பாள் என்று எனக்குத் தெரியும். பின்னேரம் நான் படலையைத் திறக்கும் சத்தம் கேட்டதும் அவள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். நான் தொடுவதற்கு வசதியாக இடது தோளை மட்டும் கொஞ்சம் தாழ்த்திக் கொடுப்பாள்.