விமானச் சத்தத்துக்குள்

மகளின் எல்கேஜி சேர்க்கைக்காகப் போன பள்ளியில், முதல்வரின் மேஜைமேல் கிடந்த மரஸ்கேலைப் பார்த்ததும் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டேன். பம்மலில், இன்று இடித்து அடுக்ககம் கட்டிவிட்ட ஒரு வீட்டின் மொட்டைமாடிக் கொட்டகையில், டியூஷன் மிஸ் கையில் இதே போன்ற ஸ்கேல்தான் இருக்கும். ஆஸ்பெஸ்டாஸ் அனலில் “ஐ ஆம், யூ ஆர், ஹீ இஸ்” என்று எல்லோரோடும் சேர்ந்து கத்தும்வரை தைரியமாக இருப்பேன். தனியாக எழுந்து சொல்லும்போது ‘யூ’வுக்கு ‘இஸ்’ வந்துவிடும்; தப்பினால் ஸ்கேல் அடி. அதற்கும் ஒரு வழி வைத்திருந்தோம். மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானம் கூரையை அதிரவைக்கும்வரை இருமி, மூக்கை உறிஞ்சி, இழுத்தடித்து, அந்த இரைச்சலுக்குள் உதட்டை மட்டும் அசைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவோம்.

ஒருநாள் நான் அப்படி உட்காரப் போகையில், மிஸ் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ப்ளேன் போயிடுச்சு. இப்ப சொல்லு.”

அடி வலித்ததா என்று நினைவில்லை. எல்லோரும் என் வாயைப் பார்த்துக் காத்திருந்த அந்த நிசப்தம்தான் இன்னும் காதில் இருக்கிறது.

முதல்வர் ஆங்கிலத்தில் என்னிடம் ஏதோ கேட்டார். மகள் என் முகத்தைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.