பிசினோடு போன வரலாறு

எங்கள் ஹாண்ட்பால் கழகத்தில் சாமி மாதிரி ஒரு பந்து இருந்தது. சுவிஸில் லாங்கன்தாலுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னக் கழகம். பெரிய கிண்ணம் எதுவும் வென்றதில்லை. ஆனால் நான் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பு, ஜெர்மனியின் பெரிய தொழில்முறைக் கழகம் ஒன்று இங்கே வந்து எங்களைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டு, எல்லோரும் கையொப்பமிட்ட பந்தொன்றைத் தந்துவிட்டுப் போயிருந்தது. வாங்கிய அடியைக் கண்ணாடி அலமாரியில் வைத்துக் கும்பிடுகிற கூட்டம் நாங்கள்.

அந்த ஜெர்மன் அணியின் அன்றைய கோல்காப்பாளர் இப்போது கிழவர். தன் கழகத்தின் வரலாற்றைப் புத்தகமாக எழுதிக்கொண்டிருந்தார். பந்தைப் படமெடுக்கச் சனிக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தார். எங்கள் கழகக் கன்டீனில் ரோல்ஸ் விற்கும் என் அம்மாவிடம், அலமாரியைத் துப்புரவாக்கும் வேலையைக் கழகத் தலைவர் கொடுத்தார்.

வியாழக்கிழமை பயிற்சிக்குப் போனேன். பந்து பளபளவென்று மின்னியது. ஒரு கையொப்பமும் இல்லை.

"என்னம்மா செய்தனீங்கள்?"

"ஒரே பிசினடி. தேங்காயெண்ணெய் போட்டுத் துடைச்சனான்."

பந்து வழுக்காமலிருக்க ஹாண்ட்பால்காரர் கையில் பிசின் பூசுவார்கள். பலாப்பழம் வெட்டிப் பழகிய அம்மாவுக்குப் பிசின் என்றால் தேங்காயெண்ணெய்தான். அதில் யோசிக்க ஒன்றுமில்லை. பிசினோடு வரலாறும் போய்விட்டது.

அப்போதுதான் இரண்டாம் அணியில் எனக்கு இடம் கிடைத்திருந்தது. 'அந்தத் தமிழ்ப் பெண்ணின் அம்மா' என்று மண்டபமே கதைக்கப்போகிறதே என்று அம்மாமேல் கோபம் கோபமாக வந்தது.

"ஒருத்தரிட்டையும் சொல்லாதேங்கோ. நான் பாக்கிறன்."

பார்த்தேன். ஜெர்மன் கழகத்தின் இணையத்தளத்தில், வரலாற்றுப் பக்கத்தில், கையொப்பங்கள் கிடந்தன. அவற்றில் எட்டைக் கறுப்புப் பேனாவால் பந்தில் அப்படியே பார்த்தெழுதினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் வேலைதான். ஆனாலும் இரண்டு கையொப்பங்கள் அசலைவிட அழகாக வந்ததில் எனக்குப் பெருமை.

சனிக்கிழமை கிழவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பெயராக வாசித்தார். ஆறாவதில் விரல் நின்றது. இவன் நல்ல ஆட்டக்காரன்தான், ஆனால் நாங்கள் இங்கே விளையாடியபோது இவன் பிறக்கவேயில்லையே என்றார்.

தலைவரின் முகம் சிவந்தது. யார் செய்தது என்று கேட்டார். நான் என் சப்பாத்தைப் பார்த்தேன்.

அம்மா கன்டீனிலிருந்து வெளியே வந்து, தன் அரைகுறை ஜெர்மனில், எண்ணெய் போட்டதும் நான், எழுதியதும் நான் என்றார்.

எண்ணெய்க் கதையைக் கேட்டுக் கிழவர் விழுந்து விழுந்து சிரித்தார். எங்கள் கழக வரலாற்றில் பாதி இந்தப் பிசினைக் கழுவிய வரலாறுதான், இந்த எண்ணெய் எங்கே வாங்கலாம் என்று விசாரித்தார். தலைவர் சிரிக்கவில்லை. இனிக் கன்டீனுக்கு வரவேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டார்.

கார் நிறுத்துமிடத்தில் கேட்டேன்.

"ஏனம்மா அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"உண்மை தெரிஞ்சா உன்னை விளையாட விடுவினமோ? நான் ரோல்ஸ்தானே விக்கிறன். ஏறு, குளிருது."

அம்மாவால் எனக்கு வெட்கக்கேடு வரும் என்று பயந்தவள் நான். என்னை நினைக்க எனக்கே அருவருப்பாக இருந்தது. திறந்த கார்க் கதவைச் சாத்திவிட்டு, தலைவரைத் தேடி மண்டபத்துக்குத் திரும்பி நடந்தேன்.