ஊருக்கு ஒருத்தர்

தஞ்சாவூரில் ஒரு கணினிக் கணக்குப் பயிற்சி நிலையத்தில், இணையவழியாகப் படிப்பவர்களைக் குழுவாகச் சேர்த்துவிடுவது என் வேலை. மூன்று பேர் கூடி ஒரு பயிற்சியை முடித்து அனுப்ப வேண்டும். ஒருவர் பங்கு விட்டுப்போனாலும் மூவருக்கும் பூஜ்யம். இரண்டாவது பூஜ்யம் வந்தால் படிப்பிலிருந்து நீக்கம், சான்றிதழும் கிடையாது.

எல்லோருக்கும் சொந்த ஊர்க்காரர்தான் வேண்டும். நிலையத்திலும் அப்படியே சேர்த்திருந்தார்கள். அது மின்வெட்டுக் காலம், ஊருக்கு ஊர் வேறு நேரம். குடவாசல் குழுவில் மூவருக்கும் கரண்ட் ஒன்றாகப் போனது; பூஜ்யமும் ஒன்றாக வந்தது. எனக்கு வந்த கோபத்தில் எல்லாக் குழுவையும் கலைத்து, ஊருக்கு ஒருத்தர் என்று மாற்றினேன். நாற்றங்காலிலேயே கிடந்தால் பயிர் ஏது?

அந்தக் குடவாசல் மூவரில் ஒரு பெண்ணுக்கு ரைஸ்மில் ஆபீஸில் வேலை சொல்லி வைத்திருந்தார்கள், சான்றிதழ் வந்தால்தான். அவள் கணவர் குவைத்தில் முதுகில் அடிபட்டுத் திரும்பியவர். வீடே அந்த வேலையை நம்பியிருந்தது. அவளைப் பூதலூர்ப் பெண் ஒருத்தியோடும், குவைத்தில் வேலை பார்த்தபடி படித்த கூத்தாநல்லூர்க்காரர் ஒருவரோடும் சேர்த்தேன்.

"முகம் தெரியாத ஆம்பளைகூட போன்ல பேசினா தெருவுல என்ன சொல்லுவாங்க மேடம்? டைப் வேணா பண்றேன். பேசச் சொல்லாதீங்க" என்றாள் குடவாசல் பெண்.

உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா? நான் என் வாயை மூடிக்கொண்டேன்.

அடுத்த பயிற்சியின் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. மற்ற இருவர் பங்கும் வந்துவிட்டது. இவளுடையது மாலை ஆறு மணிக்குள் வர வேண்டும். சொல்லாமல் கொள்ளாமல் குடவாசலில் கரண்ட் போனது. பூதலூரிலும் இல்லை. என் மேஜைக்கு இன்வெர்ட்டர் உண்டு, ஆனால் மாணவர் பயிற்சியில் நான் கை வைக்கக் கூடாது; குழுவில் ஒருவர்தான் அடித்து அனுப்பலாம். மிச்சம் குவைத்துக்காரர்தான். அங்கே வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதால் அறையில் இருந்தார். அவரையும் அவளையும் ஒரே அழைப்பில் இணைத்தேன்.

"சொல்லுங்கக்கா, நான் அடிச்சு அனுப்பிடுறேன்" என்றார்.

அவள் பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும். எனக்கோ, பேசித் தொலையேன் என்று கத்த வேண்டும் போலிருந்தது.

பிறகு ஓர் ஆண் குரல் வந்தது. "தம்பி, நான் அவ வீட்டுக்காரன். நானும் குவைத்துலதான் இருந்தேன். சொல்றேன், எழுதிக்கங்க."

பயிற்சி, ஒரு ரைஸ்மில்லின் இருப்புக் கணக்கு. அவள் தாளில் போட்டு வைத்திருந்ததை அவர் வாசித்தார். "பொன்னி, நாலாயிரம் மூட்டை."

"கூட்டினா ஒத்து வரலையேண்ணே."

மறுபடி வாசித்தார். மறுபடியும் அதே நாலாயிரம் மூட்டை. ஆறு மணி நெருங்கிக்கொண்டிருந்தது.

"இங்க குடுங்க" என்றாள் அவள். "அது மூட்டை இல்ல, கிலோ. கொஞ்சம் தள்ளுங்க."

அப்புறம் அவள்தான் பேசினாள். நெல், குருணை, தவிடு என்று வரி வரியாக, நிறுத்தாமல். குவைத்திலிருந்து 'ம்' மட்டும் கேட்டது. கடைசியில், "போய்ச் சேந்துடுச்சுக்கா" என்றார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்ல வெட்கமில்லை. அழைப்பைத் துண்டிக்கப் போனேன்.

"தம்பி, வெச்சுடாதீங்க" என்றாள் அவள். "அடுத்த பாடத்துல எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு."