கணக்கின் அடியில் அண்ணன் எழுதிய வரி

வடக்கே இருந்த ஓர் ஆராய்ச்சிக்கூடம் அனுப்பிய நீண்ட உறையை அண்ணன் பிரித்தது இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது. உள்ளே ஓர் அணையின் குறுக்குவெட்டுப் படம். சுவரின் நடுவே ஆள் நடந்துபோகும் அளவுக்கு ஒரு வழி விட்டிருந்தார்கள். தேங்கிய தண்ணீரின் பாரம் அந்த வழியின் மூலைகளைச் சுற்றி எப்படிப் பரவும் என்று கணக்கிட்டு, இருபது நாளைக்குள் அனுப்ப வேண்டும். சரியாகச் செய்பவருக்கு ஆராய்ச்சி உதவியாளர் வேலை.

அறுபதுகளின் தொடக்கம் அது. அண்ணன் சென்னையில் இன்ஜினியரிங் முடித்து எங்கள் ஊரான மணமேல்குடிக்குத் திரும்பி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. எங்கள் பக்கத்தில் இன்ஜினியர் என்றால் பாலம் கட்டுகிறவர், இல்லையென்றால் ரைஸ்மில்லை ஓட வைக்கிறவர். இரும்பும் கல்லும் பாரத்தை எதுவரை தாங்கும், எந்த இடத்தில் விட்டுக்கொடுக்கும் என்று எண்களைக் கொண்டே முன்கூட்டிச் சொல்லும் வேலை ஒன்று உண்டு என்று அவர் சொன்னால், "அதுக்கு எவன் சம்பளம் குடுப்பான்?" என்று சிரித்தார்கள். ஆத்தா சிரிக்கவில்லை, பயந்தாள். விண்ணப்பம் போன இடங்களில் பாதி பதிலே எழுதவில்லை. மீதி, காலியிடம் இல்லை என்றன. சோற்றுக்கு உட்கார்ந்தால் அண்ணன் தலை நிமிர்வதில்லை.

"இதுவும் போச்சுன்னா நான் எதுக்கும் ஒதவாதவன் தங்கச்சி" என்றார் அன்றைக்கு.

எட்டாம் நாள் அவர் கண் மஞ்சளித்தது. காமாலை. எழுத்தைப் பார்த்தாலே குமட்டியது. நான் இன்டர்மீடியட்டில் கணிதம் படித்து, உள்ளூர்ப் பள்ளியில் டீச்சராக இருந்தேன். லீவு எழுதிக் கொடுத்துவிட்டு அவர் கட்டிலருகே தாள்களோடு உட்கார்ந்தேன். அணைச் சுவர் முழுவதும் சதுரக் கட்டங்கள். கோடுகள் சந்திக்கும் ஒவ்வொரு புள்ளிக்கும் உத்தேசமாக ஓர் எண். அது சுற்றியுள்ள நான்கு எண்களோடு பொருந்த வேண்டும். பொருந்தாத மிச்சத்தை ஓரிடத்தில் தீர்த்தால் அது பக்கத்துப் புள்ளிகளில் போய் ஏறிக்கொள்ளும். அங்கே தீர்த்தால் இன்னோரிடம். "எங்க மிச்சம் பெருசோ, அங்க மொதல்ல கை வை" என்பார் கண்ணை மூடியபடி. ஒரு கூட்டல் பிழைக்காக மூன்று நாள் வேலையை அடித்துவிட்டுத் திரும்பப் போட வேண்டியிருந்தது. நான் வாய்விட்டு அழுதேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

பதினாறாம் நாள் எந்தப் புள்ளியிலும் மிச்சம் நிற்கவில்லை. அண்ணன் பேனாவைக் கேட்டு வாங்கி, கடைசித் தாளின் அடியில் நடுங்கும் எழுத்தில் ஒரு வரி எழுதினார். வழிமுறை தன்னுடையது, எட்டாம் நாளிலிருந்து கணக்கிட்டது தன் தங்கை என்று.

"எதுக்குண்ணே இது? அவுகளுக்கு எப்படித் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியும்ல" என்றார்.

ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. அவரே எனக்குப் படித்துக் காட்டினார். தம் கையால் முடிக்காத கணக்கைக் கொண்டு விண்ணப்பதாரரைத் தேர்ந்தெடுக்க இயலாது. ஆனால் கணக்கில் ஒரு பிழையும் இல்லை. கணக்கீட்டுப் பிரிவில் பெண்களும் வேலை செய்கிறார்கள். அந்தத் தங்கைக்கு விருப்பமிருந்தால் வரலாம். குரல் கடைசி வரை பிசகவில்லை. கடிதத்தை மடித்து என் கையில் கொடுத்துவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

பொழுது சாயும்வரை திரும்பவில்லை. ஆத்தாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. கட்டுமாவடிக் கடற்கரைப் பக்கம் பார்த்ததாக ஒருவர் சொல்ல, ஆத்தாவும் நானும் விழுந்தடித்துக்கொண்டு போனோம். கரையேற்றிய இரண்டு படகுகளுக்கு நடுவே மணலில் உட்கார்ந்திருந்தார். வேட்டி இடுப்பு வரை நனைந்திருந்தது. கடலில் எவ்வளவு தூரம் இறங்கினார் என்று நாங்கள் கேட்கவில்லை. ஆத்தா அவர் தலையைத் தன் மடியில் இழுத்துக்கொண்டாள்.

"ஆத்தா, அந்த வேலைக்குத் தங்கச்சி போகட்டும்" என்றார் அவர்.

"கொமரிப் புள்ளைய எங்கிட்டுப்பா அனுப்பச் சொல்ற? ஊரு என்ன பேசும்?"

"ரெண்டு பேருல ஒருத்தராச்சும் போகட்டும் ஆத்தா."

நான் மாட்டேன் என்றுதான் சொன்னேன். உங்கள் இடத்தில் நான் போய் உட்காருவதா என்று சண்டை போட்டேன். "நீ போகலைன்னா அந்தக் கணக்க நாம போட்டதுக்கே அர்த்தமில்லாமப் போயிரும்" என்றார். நான்கு நாள் கழித்து ஆத்தா கோபத்தோடே என் டிரங்குப் பெட்டியை அடுக்கினாள்.

புதுக்கோட்டையில் ரயிலேறி, சென்னையில் மாறி, அண்ணன்தான் என்னைக் கொண்டுபோய் விட்டார். ஆராய்ச்சிக்கூட வாசலில் காவலாளி யாருக்கு வேலை என்று கேட்டான். அண்ணன் என்னைக் காட்டினார். கூட வந்தவர்கள் உள்ளே போகக் கூடாதாம். இரண்டு வருஷமாக அவர் கனவில் நுழைந்த அந்த மாதிரிக் கட்டடத்துக்குள், அவரை வெளியே நிறுத்திவிட்டு, நான் போனேன்.

சாயங்காலம் வந்தபோது எதிரே இருந்த வேப்பமரத்தடியில் அப்படியே இருந்தார்.

"உள்ள எப்படி இருக்கு?"

"சும்மா ஒரு ஆபீஸ்தான்ணே."

"பொய் சொல்லாத. முழுசாச் சொல்லு."

சொன்னேன். கைப்பிடியைச் சுற்றினால் பெருக்கித் தரும் மிஷின்களை, வரிசையாக உட்கார்ந்து எண்களைத் தீர்க்கும் பெண்களை, சுவரில் தொங்கிய படங்களை, அடுத்த வருஷம் ஓர் அறை நிறைய வரப்போவதாகச் சொன்ன பெரிய மின்சார மிஷினை. ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தவர், "படம் என்ன படம்? பாலமா, அணையா?" என்று குறுக்கே கேட்டார்.

"அணைண்ணே. நாம கணக்குப் போட்ட அணைதான்."

அவர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். அந்தத் தோள்கள் குலுங்குவதை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். மறுநாள் தனியாக ஊருக்கு ரயிலேறினார்.