பெரியம்மாவின் வசனம்

கறுப்புச் சாயம் இருந்த அந்தத் தகர டப்பாதான் முதலில் நினைவுக்கு வருகிறது. வேம்பார் உப்பளத்தில் படப்பிடிப்பு நடந்தபோது, ஒப்பனைக்காரர் அதிலிருந்து விரலால் வழித்து வழித்துச் சிவந்த மேனியுடைய கதாநாயகியைக் கறுப்பாக்கிக்கொண்டிருந்தார். கூட்டமாக நிற்க அழைக்கப்பட்டவர்கள் அங்கேயே உப்பு வாரும் பெண்கள். என் பெரியம்மாவும் அவர்களுள் ஒருத்தி. "ஏளா, நம்ம கன்னத்துல அவள ஒரு தேய் தேய்ச்சிருந்தா டப்பா மிச்சம்லா" என்றாள் பக்கத்தில் நின்றவள். எல்லோரும் சிரித்தார்கள். கல்லூரி விடுமுறையில் வேடிக்கை பார்க்கப் போயிருந்த எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நிறத்தைச் சொல்லி மனிதரை இழிவு செய்த வெள்ளை அதிகாரியைத் தொழிலாளர்கள் எதிர்ப்பதாகக் கதை. அதிகாரி பூட்ஸ் காலோடு உப்புக் குவியலின் மேல் ஏற, பெண்கள் தலைகுனிந்து நிற்க வேண்டும். அந்த அளத்தில் குவித்த உப்பின் மேல் யாரும் செருப்போடு ஏறுவதில்லை. அதிகாரியாக நடித்தவர் ஏறியதும், பெரியம்மா நடிப்பு என்பதை மறந்து, "ஏலே, உப்பு மேலயிருந்து காலை எடுலே!" என்று கத்திவிட்டாள். அந்த நடிகர் மெய்யாகவே பயந்து இறங்கிவிட்டார்.

இயக்குநர் கோபப்படவில்லை. அந்த வாக்கியத்தை எழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டு, "நீங்க கொஞ்சம் பின்னால நில்லுங்கம்மா" என்றார்.

"நாஞ் சொன்னது படத்துல வருமாய்யா?"

"கண்டிப்பா வரும்."

தன் குரல் திரையில் வரப்போவதாகப் பெரியம்மா தெரு முழுவதும் சொன்னாள். இயக்குநர் கொடுத்த வாக்கில் அவள் குரலோ முகமோ இல்லை என்பது எனக்கு அப்போதே புரிந்தது. அவள் முகத்திலிருந்த மகிழ்ச்சியைப் பார்த்து நான் வாய் திறக்கவில்லை. அது கருணையா கோழைத்தனமா என்று இன்றும் தீர்மானிக்க முடியவில்லை.

படம் வந்தது. தூத்துக்குடித் திரையரங்குக்குத் தன்னோடு வேலை செய்தவர்களையெல்லாம் அவள் அழைத்துச் சென்றாள். குவியலின் உச்சிக்கு ஏறி, அதிகாரியை நேருக்கு நேர் பார்த்து, கதாநாயகி அதே சொற்களைச் சொன்னாள். அரங்கம் விசிலில் அதிர்ந்தது. திரையில் பெரியம்மாவின் தோள்கூட இல்லை. "ஏளா, வாய் ஒனக்கு, மூஞ்சி அவளுக்கா?" என்று தோழி இடித்தாள்.

இன்று என் மாணவிகள் அந்தக் காட்சியைக் கைப்பேசியில் ஓடவிட்டு, அநீதியை எதிர்த்த மகத்தான குரல் என்கிறார்கள். நான் மறுப்பதில்லை. படம் பார்த்துத் திரும்பிய அன்று, வேம்பார் பேருந்தில் பெரியம்மா வருத்தத்தின் சாயலே இல்லாமல் சொன்னாள்:

"நல்லாத்தான் சொல்லுதா. ஆனா செருப்பப் போட்டுக்கிட்டு அவளும் உப்பு மேலதான நிக்கா."